சோதனை என்று ஒரு பெயர்

ஜூன் மாதத்துப் புன்டா அரீனஸில்
காலை ஒன்பதரைக்கும் விடிந்தபாடில்லை.
தெருமுனையில் கட்டிவிட்ட கயிற்றைப் பிடித்துப் பிடித்துக்
காற்றைக் கடந்து வந்த நேலிதா பாரியந்தோஸ்
கோட்டைக்கூடக் கழற்றாமல்
லாக் கோப்பைத் திறக்கிறாள்.

திங்கள் முதல் வெளியூருக்கு ஒரு கடிதமும் போய்ச் சேரவில்லை.
கப்பலுக்கு டீசல் கேட்டது போகவில்லை.
பனிக்கண்டத்து முகாமுக்கு
வெங்காயம் எத்தனை மூட்டை என்று கேட்டது
போகவில்லை.
உள்ளுக்குள் மட்டும் ஒரு குறையும் இல்லை:
காப்பித்தூள் தீர்ந்துவிட்டது என்று
மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு
நொடியில் வந்தது செய்தி.
வீட்டுக்குள் நடமாடுகிறவனிடம்
யார் பெயர் கேட்பார்கள்?

அஞ்சல் சர்வர்களுக்கு ஒரு முறை உண்டு.
கதவைத் தட்டியதும் வணக்கம்,
கையோடு தன் பெயர்,
பிறகுதான் பையை அவிழ்ப்பது.
எதிர்ப்பக்கம் கேட்டுக்கொள்ளும். நம்பிவிடாது.
சொன்ன பெயரை ஏட்டில் தேடும்.
வந்தவனின் எண்ணைத் திருப்பிப் போட்டு
இது யாருடையது என்று விசாரிக்கும்.
சம்பந்தம் பார்க்க வந்தவர்கள்
அக்கம்பக்கத்தில் விசாரிப்பது போலத்தான்.

லாக்கில் வரிக்கு வரி ஒரே பதில்.
சான்டியாகோ, ஹோபார்ட், ஹாம்பர்க்
எந்த வாசலிலும் அதே குரல்:
அப்படி ஒரு பெயர் எங்கும் இல்லை.

நீ என்னதான் சொல்லிக்கொள்கிறாய்
என்று கேட்டு என்டரைத் தட்டினாள்.
ப்ருயெபாஸ், என்றது இயந்திரம்
கூச்சமே இல்லாமல்.

அவள் மொழியில் அதற்குப் பரிசோதனைகள் என்று பொருள், அவ்வளவுதான்.
என் மொழியில் இன்னும் பொருந்துகிறது:
ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் சோதனை
ஆண்டவன் அனுப்புவதும் சோதனை.
நாலு நாளாக வாசல் வாசலாகப் போய்
வணக்கம், நான் சோதனை
என்றிருக்கிறது அந்தப் பாவம்.
யார் திறப்பார்கள்?

பெயர் மூன்று இடங்களில் எழுதியிருக்கும்.
இரண்டைத் திருத்தினாள்.
அணைத்து எழுப்பினாள்.
எழுந்ததும் மறுபடி, சோதனை.

மூன்றாவது இடம்
அஞ்சல் நிரலின் சொந்தக் கோப்பு, நாற்பத்தோராவது வரி.
சோதித்துப் பார்க்கும் இயந்திரத்திலிருந்து
அப்படியே படியெடுத்து ஒட்டியது.
ஒட்டிய கை யாருடையது என்றும்
ஒரு குறிப்பு வைத்திருந்தது இயந்திரம்:
ஞாயிறு நள்ளிரவு தாண்டி ஒன்று ஐம்பது.
நேலிதா.

ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது.

புதன் இரவு
வால்பரைசோ தலைமையகத்துக்கு அவள் எழுதியிருந்தாள்:
கோளாறுக்குக் காரணம் யெர்கோ மார்ட்டினிச்.
மே மாதம் வேலையை விட்டுப் போர்வெனீருக்குப் போனவன்
போகிறபோது கெடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.
கடிதம் போகவில்லை என்ற புகாரைக்
கடிதமாகவே அனுப்பியிருக்கிறாள்!
தூக்கமில்லாதவள் செய்கிற காரியம்.

வரிசையில் நின்றவை முந்நூற்றுப் பன்னிரண்டு.
நடுவில் எங்கோ அது,
டீசலுக்கும் வெங்காயத்துக்கும் இடையே
இன்னொரு தப்பான பெயரைச் சுமந்துகொண்டு.

அதன் எண்ணை எடுத்தாள்.
ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள்.
அழித்தாள்.

பிறகு வரியைத் திருத்தினாள்
நிறுவனம் பதிவு செய்த முழுப்பெயர், புள்ளி பிசகாமல்.
முந்நூற்றுப் பதினொன்றையும் அவிழ்த்துவிட்டாள்.
ஹாம்பர்க், சரி என்றது.
ஹோபார்ட் கொஞ்சம் யோசித்து, சரி.

ஜன்னலில் சாம்பல் நிறத்தில் ஏதோ விடியல் மாதிரி.
தலைமையகத்துக்கு வேறொன்று எழுத வேண்டும்.
'காரணம்' என்று அடித்து
முக்காற்புள்ளி வைத்து
நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் பனிக்கண்டத்திலிருந்து வந்துவிட்டது:
பன்னிரண்டு மூட்டை.
பூண்டும் கொஞ்சம்.
நாலு நாளாக எங்கே போயிருந்தீர்கள்?